சந்தன மரம்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகிற வழியில் சிறிய நாற்றங்கால் ஒன்று நடத்துகிறேன். புங்கன், நாவல், வேங்கை, மலைவேம்பு எல்லாம் இருக்கும். ஆனால் வருகிறவர்கள் கால் நிற்பது சந்தனக் கன்று வரிசைக்கு முன்னால்தான். நின்றதும் கேள்வி வரும். பென்னாகரத்துக்காரர் கேட்டதையே அஞ்செட்டிக்காரரும் கேட்பார். சிலர் பயந்துகொண்டு கேட்பார்கள், சிலர் கணக்குப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். பல வருடமாகச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

சந்தன மரம் அழியுதுன்னு சொல்றாங்க. உங்ககிட்டயே வரிசையா கன்னு நிக்குதே, அப்புறம் எப்படிங்க அழியும்?

நியாயமான சந்தேகம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அதாவது ஐ.யு.சி.என்., உலகத்து உயிரினங்களின் நிலையை மதிப்பிட்டுச் சிவப்புப் பட்டியல் வெளியிடுகிறது. அதில் சந்தன மரம் 1998-இல் 'அழிவாய்ப்புள்ள இனம்' என்று சேர்க்கப்பட்டது. பிறகு மறுபடி மதிப்பிட்டபோதும் அந்த நிலை மாறவில்லை.

அந்தப் பட்டியல் கணக்கில் எடுப்பது காட்டில் தானாக முளைத்து, தானாகப் பூத்துக் காய்த்து, தானாகப் பரவுகிற மரங்களைத்தான். வெட்டி விற்பதற்காகத் தோட்டத்தில் வரிசை போட்டு நட்ட மரம் அந்தக் கணக்கில் வராது. என் நாற்றங்காலில் ஆயிரம் கன்று நின்றாலும் சித்தேரிக் காட்டில் ஒரு மரம் கூடியதாக ஆகாது. கோழிப்பண்ணையில் லட்சம் கோழி இருப்பதால் காட்டுக்கோழி பெருகிவிட்டது என்று சொல்ல மாட்டோம் இல்லையா, அது மாதிரி.

அழிவாய்ப்புன்னா நாளைக்கே காணாமப் போயிடுமா?

இல்லை. சிவப்புப் பட்டியலில் படிகள் உண்டு. ஆபத்தில் இருக்கிறவற்றில் முதல் படி அழிவாய்ப்பு. அதற்கு மேலே அருகிய இனம், அதற்கும் மேலே மிக அருகிய இனம். மூன்று தலைமுறைக் காலத்தில் எண்ணிக்கை 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் ஓர் இனத்தை அழிவாய்ப்பில் சேர்க்கலாம். தலைமுறை என்றால் மரத்தின் தலைமுறை. சந்தனம் நிதானமாக வளர்கிற மரம், அதனால் அது நீண்ட காலம்.

ஆனால் முதல் படிதானே என்று இருந்துவிட முடியாது. சந்தனப் பேரினத்திலேயே ஒரு மரம் அடியோடு போய்விட்டது. சிலி நாட்டுக்குச் சொந்தமான யுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளில் மட்டும் வளர்ந்த சந்தனம் அது. வாசனைக்காக வெட்டி வெட்டி, 1908-இல் ஒரு தாவரவியலாளர் ஒற்றை மரத்தைப் பார்த்ததுதான் கடைசி.

சந்தனமும் செம்மரமும் ஒண்ணுதானே? செஞ்சந்தனம்னு சொல்றாங்களே?

பெயர்தான் ஒட்டுகிறது. உறவு கிடையாது. செம்மரம் வேங்கை மரத்தின் பங்காளி, அவரை, புளி எல்லாம் அடங்கிய குடும்பம். அதன் வைரக்கட்டை, அதாவது உள்ளே முற்றிய நடுமரம், ரத்தச் சிவப்பாக இருக்கும், சந்தன வாசனை இருக்காது. உலகத்தில் அது இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான்: சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, நல்லமலை என்று பெரும்பாலும் ஆந்திரத்துக் காடுகள். சிவப்புப் பட்டியலில் அது சந்தனத்துக்கு ஒரு படி மேலே, அருகிய இனம் என்ற நிலையில் இருக்கிறது.

நம் சந்தனம் வேறு குடும்பம். வறண்ட இலையுதிர் காட்டில் முட்புதரோடு முட்புதராக நிற்கும் சிறிய மரம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஊரிகம் காடுகளும் சித்தேரி மலையும் அதற்குப் பழைய வீடு.

மரத்தைப் பார்த்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? கிட்டப் போனாலே மணக்குமா?

மணக்காது. இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. இலையைக் கசக்கினாலும் பூவை முகர்ந்தாலும் பட்டையைச் சுரண்டினாலும் சந்தன வாசனை வராது. உள்ளே இருக்கிற வைரத்திலும் வேரிலும்தான் அந்த எண்ணெய் இருக்கிறது.

இலைகள் எதிரெதிராக இருக்கும், மேல்புறம் லேசாகப் பளபளக்கும். கிளை நுனிகள் தளர்ந்து தொங்கும். பட்டை கருத்து, நெடுக்காக வெடித்திருக்கும். பூ மிகச் சின்னது. விரியும்போது வைக்கோல் நிறம், அடுத்தடுத்த நாட்களில் கருஞ்சிவப்பு. ஒரே கொத்தில் இரண்டு நிறத்தையும் பார்க்கலாம். பழம் பச்சையிலிருந்து சிவந்து கடைசியில் நாவற்பழக் கருப்புக்கு வரும், அளவு சுண்டைக்காய் மாதிரி, உள்ளே ஒரே விதை. குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும் தின்றுவிட்டுப் போய் எச்சமிடுகிற இடத்தில் அடுத்த கன்று வரும். அதனால்தான் வேலி ஓரத்திலும் புதருக்குள்ளும் சந்தனம் தானாக முளைக்கிறது.

சந்தன மரத்துல பாம்பு சுத்திக்கிட்டு இருக்குமாமே?

வெளியே வாசனையே இல்லாத மரத்தைத் தேடிப் பாம்பு வர வேண்டியதில்லை. புதர் அடர்ந்த இடத்தில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும். அது எந்தப் புதருக்கும் பொருந்தும்.

வெள்ளைச் சந்தனம், மஞ்சள் சந்தனம்னு ரெண்டு ஜாதி உண்டா?

ஒரே மரம்தான். வெளிப்பக்கத்து வெளுப்பு மரம் வெள்ளையாக, வாசனை இல்லாமல் இருக்கும். உள்ளே வைரம் பாய்ந்த பகுதி மஞ்சள் கலந்த பழுப்பு, அதுதான் மணக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பொடி, வில்லை, ஊதுவத்தியில் பெரும்பாலும் செயற்கை வாசனைதான் இருக்கும். தேவதாரக் கட்டையைச் சந்தனம் என்று ஏமாற்றி விற்பதும் பழைய வழக்கம்.

போன வருஷம் நாலு கன்னு வாங்கிட்டுப் போனேன். தண்ணி, எரு எல்லாம் குறையில்லாம வச்சேன். ஏன் காய்ஞ்சு போச்சு?

என்னிடம் அதிகம் வருகிற புகார் இது. சந்தனம் தனியாக வாழ்கிற மரம் இல்லை. அது பாதி ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருக்கிறது, தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரிலும் தாதுச்சத்திலும் ஒரு பகுதியைப் பக்கத்துச் செடியின் வேரில் இருந்துதான் எடுக்கும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் முதல் வருடம் ஏதோ சமாளிக்கும், அப்புறம் இலை மஞ்சளாகி, நுனி கருகி, நின்றபடியே காயும். நீங்கள் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது கேட்டது தண்ணீர் இல்லை, துணை.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். வாழைக்கு நடுவே சுத்தமாகக் களையெடுத்த தரையில் நட்ட கன்று செத்துப்போயிருந்தது. பிடுங்கிப் பார்த்தால் வெறும் நூல் மாதிரி வேர். இருபதடி தள்ளி, வரப்போரம் துவரைச் செடிக்குப் பக்கத்தில் வைத்த கன்று இடுப்புயரம் வந்திருந்தது. அதன் அடியில் மண்ணை விரலால் மெதுவாக விலக்கினோம். சந்தன வேர் துவரை வேரைத் தொட்ட இடத்தில் கடுகைவிடச் சற்றே பெரிய வெள்ளை மொட்டு ஒன்று, அட்டை கடித்துக்கொண்டிருப்பதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மொட்டு வழியாகத்தான் அந்தக் கன்று பிழைத்திருந்தது. தோட்டக்காரர் வெகுநேரம் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் பையில் இருக்கும்போதே பொன்னாங்கண்ணி மாதிரி ஒரு சிறு செடி, நடும்போது துவரை, பிறகு நிரந்தரத் துணைக்குச் சவுக்கு, புங்கன், வேம்பு, நெல்லி, அகத்தி என்று மூன்று கட்டமாக வையுங்கள். என்னிடம் வாங்கும்போது பையில் கூடவே ஒரு செடி இருக்கும். களை என்று நினைத்து அதைப் பிடுங்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

அப்போ அது பக்கத்து மரத்தை உறிஞ்சிக் கொன்னுடுமா? வேப்பமரத்துக்குப் பக்கத்துல வைக்க எங்க அப்பா விடமாட்டேங்கறார்.

வளர்ந்த வேப்பமரத்தை அது ஒன்றும் செய்யாது. ஒரு மரத்தோடு நிற்காமல் சுற்றிலும் பல செடிகளின் வேரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். சின்னத் துவரை வேண்டுமானால் சீக்கிரம் சோர்ந்துபோகும். அது ஒரு வருடப் பயிர்தானே.

நம்ம காட்டுல இப்போ சந்தனம் இருக்கா, இல்ல பேச்சுதானா?

இருக்கிறது. ஆனால் இருப்பவை பெரும்பாலும் இளமரங்கள். கட்டியணைக்க முடிகிற அளவுத் தாய்மரத்தைக் காட்டச் சொன்னால் பெரியவர்கள், 'அங்கே இருந்தது' என்று இறந்தகாலத்தில்தான் சொல்கிறார்கள்.

இந்தியாவில் சந்தனம் இயற்கையாகப் பரவிய பரப்பாகச் சொல்லப்படுவதில் கர்நாடகத்துக்கு 5,245 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுக்கு 3,040 சதுர கிலோமீட்டர். இந்த இரண்டு மாநிலத்தில்தான் பெரும்பகுதி. பரப்பு என்றால் அங்கங்கே கிடைக்கும் என்று பொருள், நெருக்கமாக நிற்கிறது என்று இல்லை. 1950-களில் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் சந்தன வைரம் கிடைத்தது. பின்னால் அது சில நூறு டன்னுக்கு இறங்கிவிட்டது. வெட்டக் கூடாது என்று நாம் மனம் மாறியதால் மட்டும் இந்த இறக்கம் வரவில்லை. வெட்ட மரம் இல்லை.

வீரப்பன் செத்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சே. இன்னும் ஏன் மரம் திரும்பி வரல?

2004 அக்டோபர் 18 இரவு, இதே தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் அவர் கதை முடிந்தது. அன்றைக்கு முளைத்த சந்தன விதை ஒன்று யாரும் தொடாமல் வளர்ந்திருந்தால் இன்றைக்குத்தான் உள்ளே வைரம் கட்டிக்கொண்டிருக்கும். மனிதக் கணக்கில் ஒரு தலைமுறை போனது மாதிரி இருக்கிறது. மரத்துக்கு அது இளமைப் பருவம்.

இன்னொன்று, சந்தனத்தை மற்ற மரம்போலத் தரைமட்டத்தில் அறுப்பதில்லை. வேரில்தான் எண்ணெய் அதிகம், அதனால் வேரோடு கெல்லி எடுப்பார்கள். அடிக்கட்டையும் வேரும் மண்ணில் இருந்தால் பக்கக்கன்று வெடித்து வரும். கெல்லி எடுத்த குழியில் எதுவும் வராது. விதை போட வேண்டிய தாய்மரங்கள் முதலில் போயின, வேர்க்கன்று விட வேண்டிய வேரும் கூடவே போயிற்று. மிச்சத்தில் தீ புகுந்தது. ஆடும் மாடும் இளங்கன்றின் கொழுந்தை விரும்பித் தின்னும். உண்ணிச்செடி தரையை மூடிக்கொண்டது.

எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் போடுவதையும் நான் ஏற்க மாட்டேன். காட்டுக்குள் வெட்டியவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் இருந்து வாங்கியவர்கள், லாரி பிடித்தவர்கள், கண்டும் காணாமல் விட்டவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் திருட்டு நடக்கிறதென்றால் அந்தச் சங்கிலி அறுபடவில்லை என்றுதான் அர்த்தம். காட்டில் சில மரங்களில் நெஞ்சுயரத்தில் விரல் நுழையும் துளை இருக்கும். வைரம் பாய்ந்திருக்கிறதா என்று திருடன் துளைத்துப் பார்த்த இடம் அது. இல்லையென்றால் விட்டுவிட்டுப் போவான். துளை வழியாகப் பூஞ்சை ஏறும்.

வாச்சாத்தியைப் பத்திப் பேசாம சந்தனத்தைப் பத்திப் பேசலாமா சார்?

ஒரு கல்லூரி மாணவி கேட்டார். பேசக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். வாச்சாத்தி என் நாற்றங்காலிலிருந்து தூரமில்லை. 1992 ஜூன் 20 அன்று கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஜனங்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அதில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

மரத்தைக் காப்பாற்றுவது என்ற பெயரில் மனிதர்களை இப்படி நடத்தினால், அந்த மரத்தின் பக்கம் யாரும் நிற்க மாட்டார்கள். இந்தப் பக்கத்து மலைகளில் வயதானவர்கள் இன்றைக்கும் சந்தனக் கன்றை முற்றத்தில் வைக்கத் தயங்குகிறார்கள். ஒரு பாட்டி என்னிடம், "அந்த மரம் வேணாம் சாமி, வேற ஏதாச்சும் குடு" என்று சொல்லிப் புங்கங்கன்று வாங்கிப் போனார். அவருக்கு நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

செம்மரம் வெட்டக் கூலிக்குக் கூப்பிடறாங்க. ஒரு வாரத்துக்கு இங்க மூணு மாசத்துல கிடைக்கிற பணம். போனா என்ன ஆகும்?

தம்பி, போகாதே. ஏஜென்ட் சொல்கிற பணம் கைக்கு வருகிற பணம் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டு 20 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தவரோடு, நம் சித்தேரி மலை ஊர்களைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. கட்டைக்குப் பணம் கொடுத்தவன் யாரும் அந்தக் காட்டில் சாகவில்லை. ஆந்திரத்தில் 2016-இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையையும் கூட்டிவிட்டார்கள். ஜாமீன் எடுக்கத் தெலுங்கு தெரியாமல் குடும்பத்துப் பெண்கள் கோர்ட் கோர்ட்டாக அலைவதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சந்தனம் கவர்ன்மென்ட் மரம்தானே? பட்டா நிலத்துல வளர்த்தா கேஸ் போடுவாங்களா?

வளர்ப்பதற்குக் கேஸ் கிடையாது. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி தெளிந்துவிடும். 1792-இல் மைசூரில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார், யார் நிலத்தில் நின்றாலும் அரசுக்கே சொந்தம் என்று. அதே வருடம்தான் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நம் பாராமகால் சீமை அவரிடமிருந்து ஆங்கிலேயக் கும்பினிக்காரர்கள் கைக்குப் போனது. ஆட்சி மாறினாலும் 'சந்தனம் சர்க்காருடையது' என்ற எண்ணம் மட்டும் இருநூறு வருடம் அப்படியே நின்றது. தன் நிலத்தில் முளைத்த கன்றை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப் போட்ட விவசாயிகள் எத்தனை பேரோ.

கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்தின. பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்றானது. 2008-இல் பட்டா நிலச் சந்தன மரங்களுக்கென்று தனி விதிகளும் வந்தன. ஆனால் மரம் உங்களுடையது என்பதால் நீங்களே வெட்டிவிட முடியாது. வெட்டுவது, எடுத்துச் செல்வது, விற்பது எல்லாம் வனத்துறை அனுமதியோடு, அவர்கள் வழியாகத்தான். சொந்த மரமாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டினால் அப்போது கேஸ் உண்டு. காய்ந்து விழுந்த மரத்துக்கும் இது பொருந்தும்.

பதினஞ்சு வருஷத்துல ஏக்கருக்குக் கோடிக்கணக்குல வருமாமே? வீடியோவுல சொல்றாங்க.

என்னிடம் கன்று இருக்கிறது, விற்றால் எனக்கு லாபம். ஆனாலும் இந்தக் கணக்கை நம்பி வாங்காதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். மரத்தின் சுற்றளவை வைத்து உள்ளே எவ்வளவு வைரம் என்று சொல்லவே முடியாது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே நாளில் நட்ட இரண்டு மரத்தில் ஒன்று பத்து வருடத்தில் வைரம் பாயத் தொடங்கும், இன்னொன்று இருபதிலும் வெளுப்பாகவே நிற்கும். சொட்டுநீரில் தளதளவென்று வளர்ந்த மரத்தைவிட, கல்லாங்காட்டில் பட்டினி கிடந்த மரத்தின் வைரம் பொதுவாக நன்றாக இருக்கும். வீடியோவில் போடுகிற பெருக்கல் கணக்கில் இதெல்லாம் வருவதில்லை.

திருட்டும் வருவதில்லை. மரம் விலைபெறத் தொடங்குகிற வருடத்தில்தான் காவல் செலவும் தொடங்கும். ராத்திரி கைரம்பத்தில் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு ஏக்கர் முழுக்கச் சந்தனமாக வைப்பதைவிட, மா, நெல்லி, சீத்தாவுக்கு நடுவே, வீட்டிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருபது மரம் வையுங்கள். போனாலும் குடும்பம் நிற்கும். ஓசூருக்குப் பக்கத்தில்தான் பெங்களூரு. அங்கே மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, சந்தனத்தில் நீண்ட கால ஆராய்ச்சி அவர்களுடையது. கோயம்புத்தூரில் வன மரபியல் நிறுவனம் இருக்கிறது. காசு போடுமுன் அங்கே போய் ஒரு நாள் கேட்டுவிட்டு வாருங்கள்.

இலையெல்லாம் குட்டியாகி, கொத்தா விறைச்சு நிக்குது. என்ன நோய்?

நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வது ஸ்பைக் நோயின் அடையாளம். இலை வர வரச் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, கிளை நுனி முள்முள்ளாக விறைத்து நிற்கும். பூக்காது. ஓரிரு வருடத்தில் மரம் செத்துப்போகும். 1899-இல் குடகில் முதன்முதலாகப் பதிவான நோய் இது. அதைக் கட்டுப்படுத்த அந்தக் காலத்தில் குடகிலும் மைசூரிலும் லட்சக்கணக்கில் மரங்களை வெட்டித் தள்ளினார்கள், அப்படியும் நிற்கவில்லை.

காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்கிற நுண்ணுயிர். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் மரத்துக்கு மரம் கொண்டுபோகும். மருந்து இன்று வரை இல்லை. டெட்ராசைக்ளின் ஏற்றினால் கொஞ்ச நாள் தெளிந்த மாதிரி இருக்கும், பிறகு திரும்பிவிடும். கேரளத்து மறையூர்ச் சந்தனக் காட்டையும் ஒகேனக்கலுக்கு மேற்கே மாதேஸ்வரன் மலைக் காட்டையும் இந்த நோய் பிடித்திருக்கிறது. நம் எல்லையிலிருந்து அது அதிக தூரம் இல்லை என்பதுதான் என் கவலை. சந்தேகம் வந்தால் அந்த மரத்திலிருந்து விதையோ வேர்க்கன்றோ எடுக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சைட்டிஸ் பட்டியல்ல செம்மரம் இருக்கு, சந்தனம் இல்ல. அப்படின்னா சந்தனத்துக்கு ஆபத்து குறைவுன்னுதானே அர்த்தம்?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கேட்பது. இரண்டும் வேறு வேறு வேலை. ஐ.யு.சி.என். பட்டியல் ஒரு நோயாளியின் நிலையைச் சொல்கிற சீட்டு மாதிரி. சைட்டிஸ் என்பது நாடுகளுக்கு இடையே நடக்கும் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். செம்மரம் 1995 முதல் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அது இந்தியாவில் மட்டும் இயற்கையாக இருக்கிற மரம், கள்ளத்தனமாகப் போவதோ சீனாவுக்கும் ஜப்பானுக்கும். நம் சந்தனம் இந்தோனேசியாவிலும் உண்டு, ஆஸ்திரேலியாவில் பெரிய தோட்டங்களும் உண்டு. அதனால் அதன் வணிகப் படம் வேறு.

சைட்டிஸில் இல்லை என்பதால் சந்தனக்கட்டையைக் கப்பலில் ஏற்றிவிட முடியும் என்றும் இல்லை. இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு தனியாக இருக்கிறது. ஒரு இடத்தில் மரம் குறைந்தால் சுமை எங்கே போகும் என்பதற்கு நல்ல உதாரணம் கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கே ஒசைரிஸ் என்ற தூரத்து உறவு மரத்தைச் சந்தனத்துக்குப் பதிலாக வெட்டத் தொடங்கி, 2013-இல் அதையும் சைட்டிஸில் சேர்க்க வேண்டி வந்தது.

எல்லாரும் பட்டா நிலத்துல வளர்த்தா, காட்டுல திருடுறது தானா நின்னுடாதா?

ஓரளவு குறையும் என்று நானும் நம்புகிறேன், இல்லையென்றால் இந்தத் தொழிலைச் செய்ய மாட்டேன். ஆனால் முழுக்க நின்றுவிடாது. தோட்டத்து மரத்துக்குக் கன்று, துணைச்செடி, காவல், இருபது வருடம் என்று செலவு இருக்கிறது. காட்டு மரத்துக்குத் திருடனுக்கு ஒரு ராத்திரிதான் செலவு.

அதைவிட முக்கியம், தோட்டத்து மரம் காட்டு மரத்துக்கு ஈடு ஆகாது. நாம் நடுவது சில நல்ல மரங்களின் விதையிலிருந்து வந்த பிள்ளைகள், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். சித்தேரியில் ஒரு விதம், ஊரிகத்துப் பாறைக்காட்டில் ஒரு விதம் என்று காட்டில் இருக்கிற வேறுபாடு அதில் இல்லை. நாளைக்கு ஸ்பைக் நோயைத் தாங்குகிற மரம் ஒன்று கிடைக்குமென்றால், அது காட்டில்தான் எங்கேயோ நின்றுகொண்டிருக்கும்.

காவேரி சரணாலயம் ரெண்டு வந்துச்சே, அதனால சந்தனத்துக்கு ஏதாவது நன்மை உண்டா?

உண்டு. காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014-இல் வந்தது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். காவேரி தெற்கு 2022-இல், சுமார் 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் நம் இரண்டு மாவட்டக் காடுகளில்தான். யானைக்காகவும் மற்ற விலங்குகளுக்காகவும் வந்த காப்பு என்றாலும், தீயும் மேய்ச்சலும் குறைந்தால் முதலில் பிழைப்பது சந்தனம் மாதிரி மெதுவாக வளர்கிற கன்றுகள். ஆனால் காட்டுக்குள் பட்டி போட்டு மாடு வைத்துப் பிழைக்கிற குடும்பங்களைப் பகைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. தீ பிடித்தால் முதலில் பார்ப்பவர்களும், கைரம்பச் சத்தத்தை முதலில் கேட்பவர்களும் அவர்கள்தான்.

எங்க வரப்புல தானாவே ஒரு சந்தனக் கன்னு முளைச்சிருக்கு. பிடுங்கி உங்ககிட்ட கொடுத்துடவா?

பிடுங்காதீர்கள். துணை வேரைப் பிடித்துக்கொண்ட கன்று இடம் மாற்றினால் பிழைப்பது கஷ்டம். ஏதோ ஒரு குயில் சரியான இடம் பார்த்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. சுற்றியுள்ள புதரை முழுசாக வெட்டாதீர்கள், அதுதான் அதன் சோறு. ஆடு கடிக்காமல் நான்கு முள்கிளை வைத்துக் கட்டுங்கள். வி.ஏ.ஓ.விடம் சொல்லிப் பதிவேட்டில் மரத்தை எழுதச் சொல்லுங்கள், பின்னால் உதவும்.

மூன்று நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். பழம் கருத்ததும் கொஞ்சத்தைப் பறவைக்கு விட்டு, மீதியைப் பறித்துச் சதையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட வேண்டாம். புது விதை உடனே முளைக்காது, இரண்டு மாதம் போல உறங்கும். அவசரம் என்றால் நான் முளைப்பைத் தூண்டும் ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் ஒரு ராத்திரி ஊறப்போடுவேன். ஒரு பிடி விதையை எனக்கும் எடுத்து வையுங்கள், எந்த ஊர், எந்த வரப்பு என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டு.